ஒழுக்கு நின்ற பிறகு

வாளி நிறைந்திருந்தது.

சத்தியசீலன் கொட்டாவியைப் பாதியில் விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பழுது பார்க்க வந்திருந்த காடியில் இருந்த தண்ணீரை முந்தின நாள் சாயங்காலமே அவர் முழுக்க இறக்கிவிட்டிருந்தார். ரேடியேட்டரின் கீழ்க்குழாயைக் கழற்றி, இன்ஜினிலிருந்து கடைசிச் சொட்டு விழும்வரை குந்தியிருந்து, பிறகு வெறும் பழக்கத்துக்காகத்தான் காலி வாளி ஒன்றைக் காடியின் வயிற்றுக்கடியில் தள்ளிவிட்டுப் போனார். இப்போது அது விளிம்பு தட்ட நிறைந்து, வழிந்து, சிமெண்டுத் தரையில் கரிய கோடாக வாசல்வரைக்கும் ஓடியிருந்தது.

மழைதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கூரைத் தகரத்தில் எங்காவது ஓட்டை இருக்கும். அண்ணாந்து பார்த்தார். காடிக்கு நேர்மேலே தகரம் காய்ந்து கிடந்தது. அதில் தொங்கிய சிலந்தி வலையில்கூட ஈரமில்லை. அதற்கு மேல் யோசிக்க அவருக்குத் தெம்பில்லை. அறுபதை நெருங்கும் உடம்பு. இரண்டு முழங்காலையும் யாரோ ஸ்பானர் போட்டு முறுக்குவது போல ராத்திரியெல்லாம் வலித்திருந்தது. அலோர் ஸ்டாரில் ஒரு பெரிய பட்டறையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, இப்போது மெர்கோங்கில் தன் வீட்டின் பக்கவாட்டில் தகரம் இறக்கி, தேடி வருகிறவர்களுக்கு மட்டும் வேலை செய்துகொண்டிருந்தார். இந்தக் காடியை அனுப்பிவிட்டுக் கொஞ்ச நாள் கட்டிலை விட்டு எழுந்திருக்கக் கூடாது. அது ஒன்றுதான் அவருடைய ஆசை.

தொண்ணூறுகளில் ஜப்பானில் செய்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் காடி அது. இரண்டே கதவு, இரண்டே இருக்கை, மூக்குக்குள் மடங்கிக்கொள்ளும் முன்விளக்குகள். இளவட்டங்கள் உயிரை விடுகிற ரகம். சில நாளைக்கு முன் அதை ஓட்டிக்கொண்டு வந்த பிரேமாவதியோ அரசாங்க அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. நாற்பது வயதுக்கு மேலிருக்கும். தூங்கி ரொம்ப நாளான முகம்.

“வாட்டர் பம்ப் ஒழுகுதுன்னு சொல்றாங்க அண்ணே. ரெண்டு பெங்கல் பட்டறையில காட்டிட்டேன். பழைய காடி, சாமான் கிடைக்காதுன்னு கைய விரிச்சிட்டாங்க லா.”

“காடி உங்களோடதாம்மா?”

“தம்பியோடது. ஜெயகுமாரு. கோலா கெடா படகு ஜெட்டியில நிறுத்திட்டுப் போனான். இன்னும் வரல.”

அவருக்குக் கேள்விப்பட்ட ஞாபகம் வந்தது. படகுத்துறைக்குப் பக்கத்தில் அந்தக் காடி பூட்டிக் கிடந்தது. கண்ணாடி இரண்டு பக்கமும் ஏற்றியிருந்தது, சாவியும் கைபேசியும் உள்ளேயே இருந்தன. படகேறி லங்காவித் தீவுக்குப் போயிருப்பான் என்றது போலீஸ். ஆற்று முகத்துவாரத்தில் மீன்காரர்கள் வலை போட்டுத் தேடினார்கள். எதுவும் அகப்படவில்லை. ஒரு விஷயத்துக்கு மட்டும் யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. வயலெல்லாம் வெடித்துக் கிடந்த கோடை அது. ஆனால் பூட்டிய காடிக்குள் இருக்கைகள் இரண்டும் பிழிந்தால் ஒழுகும் அளவுக்கு ஊறிப்போயிருந்தன.

வாளியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் ஊற்றும்போதுதான் அந்த வாடை அவர் மூக்கில் ஏறியது. துரு கலந்த தண்ணீர் என்று நினைத்திருந்தார். துருவுக்கு இரும்பு வாடை இருக்கும். இது சேற்று வாடை. கடல் வற்றிப்போன நேரத்தில் கோலா கெடாவில் படகுகளுக்கடியில் பளபளவென்று தெரியுமே, அந்தக் கருஞ்சேற்றின் வாடை. விரலை நனைத்து நாக்கு நுனியில் வைத்தார்.

உப்பு.

துப்பினார். மறுபடி துப்பினார். அது போகவில்லை.

மத்தியானம் மனைவி தேவகி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். இரண்டாவது ஷிஃப்ட்டுக்குத் தொழிற்சாலை சட்டை போட்டுக் கிளம்பியிருந்தாள்.

“என்னாங்க இது, பசார்ல மீன் கழுவுன மாதிரி நாறுது?”

“பழைய தண்ணி.”

“முகமே சரியில்ல. நாளைக்குப் பாருங்களேன். காடி எங்க ஓடிடப் போவுது?”

“இன்னிக்கு முடிச்சு அனுப்பிடுறேன் தேவகி. இது இங்க நிக்க வேணாம்.”

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். பஸ் ஹார்ன் அடித்தது. போய்விட்டாள்.

அதன்பிறகு வேலையில் மூழ்கினார். பெல்ட்டுகளைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மூடியை எடுத்து, டைமிங் பெல்ட்டின் பற்களுக்கு வெள்ளைச் சுண்ணாம்பில் குறி வைத்து, அதையும் தளர்த்தி எடுத்தார். பின்பக்கத்து வயலில் எரித்த வைக்கோலின் புகை கூரைக்கடியில் தங்கியிருந்தது. எங்கோ ஒரு மோட்டார் சைக்கிள் இருமிக்கொண்டே போய் மறைய, தெருவே மழைக்கு முந்திய அந்தப் புழுக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தது. அந்த அமைதிக்குள் காடியின் அடியிலிருந்து சொட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. சொட்டு. சொட்டு. ஒழுகும் குழாய்க்கு ஒரு தாளம் இருக்கும், ஆயுள் முழுக்க அதைக் கேட்டவர் அவர். இதன் தாளம் வேறு. கொஞ்சம் வேகமாக விழும், பிறகு தயங்கும், பிறகு நீளமாக ஓர் இடைவெளி, மறுபடி வேகம். மனிதன் வாய் ஓயாமல் பேசும்போது இடையிடையே மூச்சு வாங்குவதைப் போல.

பம்ப்பின் கடைசி போல்ட்டைத் திருகி எடுத்து, ஒட்டிப்போன காஸ்கட்டைச் சுத்தியல் காம்பால் தட்டி விடுவித்தார். பம்ப் கையோடு வந்தது. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தண்டு ஆடவில்லை. சீல் கிழியவில்லை. ஒழுகினால் காட்டிக்கொடுப்பதற்கென்றே பம்ப்பின் அடியில் ஒரு சின்னத் துளை உண்டு. அதைச் சுற்றி ஒரு கறைகூட இல்லை.

பம்ப்பில் ஒரு குறையும் இல்லை.

தண்ணீரைத் தள்ளும் அதன் இறக்கைகளுக்கு நடுவில் சேறு அப்பியிருந்தது. காய்ந்த சேறு அல்ல, வழவழப்பான பச்சைச் சேறு. நாளிதழை விரித்து அதன்மேல் ஸ்க்ரூடிரைவரால் வழித்துப் போட்டார். சேற்றில் ஏதோ அசைந்தது. நகத்தளவு நண்டு ஒன்று, ஒளி ஊடுருவும் கால்களை ஒவ்வொன்றாக ஊன்றி எழுந்து, எழுத்துகளின் மேல் பக்கவாட்டில் நடந்து, மேசை விளிம்பிலிருந்து கீழே விழுந்தது.

கொதிக்கிற இன்ஜின் அது. வரும்போது அதன் மூக்கிலிருந்து ஆவி பறந்ததை அவரே பார்த்தார்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்தார். பம்ப் இருந்த இடத்தில் இன்ஜினின் உள்பக்கம் வட்டமாகத் திறந்து கிடந்தது. அந்த வாய்க்குள் தண்ணீர் தெரிந்தது. விளிம்புவரை நிறைந்து நின்றது. நேராக நிற்கும் சுவரில் ஓட்டை. அதிலிருந்து தண்ணீர் கொட்ட வேண்டும். கொட்டவில்லை. ஒரு கிணற்றை மேலிருந்து எட்டிப் பார்ப்பது போல அவர் பக்கவாட்டில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் அதற்குள் இறங்கிக்கொண்டே போனது. அடி தெரியவில்லை. தண்ணீர் மெல்ல உள்ளே வாங்கியது. மெல்ல வெளியே வந்தது. விளிம்பைத் தாண்டும்போது மட்டும் ஒரு சொட்டு.

உள்ளே யாரோ பேசினார்கள்.

சொல் புரியவில்லை. பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவது போல ஓர் ஆண் குரல். இறைஞ்சவில்லை, அழவில்லை. நிற்காமல் எதையோ விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தது.

அவர் டார்ச்சை அணைத்தார். ஓடியிருக்கலாம். ஆனால் அந்த வாயைத் திறந்தபடி விட்டுவிட்டு எங்கே ஓடுவது? வீட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம்தானே அது இருக்கிறது? சுங்கை பட்டாணியிலிருந்து வரவழைத்த புதுப் பம்ப்பின் பெட்டியைக் கிழித்தார். காஸ்கட்டுக்குப் பசை தடவினார், தேவைக்கு அதிகமாகவே தடவினார். அந்த ஓட்டையின் மேல் பம்ப்பை வைத்து நெஞ்சால் அழுத்திப் பிடித்துக்கொண்டு போல்ட்டுகளை இறுக்கினார். புயல் காற்றில் கதவைத் தள்ளித் தாழ் போடுகிறவனைப் போல.

கடைசி போல்ட் இறுகியதும் குரல் நின்றது.

சொட்டும் நின்றது.

அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். காடியின் அடியையே பார்த்தார். ஒரு சொட்டுகூட விழவில்லை. பயம் வடிந்த இடத்தில் பழைய அசதி வந்து நிரம்பிற்று. வயதாகிவிட்டது, சாப்பிடவில்லை, காதில் ஏதோ கோளாறு. அப்படித்தான் இருக்கும். எழுந்து மிச்ச வேலையை முடித்தார்.

பிரேமாவதி அலுவலகம் விட்டு வந்தபோது மழை பிடித்துக்கொண்டிருந்தது. இன்னும் இருட்டவில்லை, வானம் மட்டும் ஈயம் பூசியது போல இறங்கி வந்திருந்தது. தொழுகைக்கூடமான சூராவிலிருந்து மஃரிப் பாங்கு மழைக்குள் கரைந்து கேட்டது.

“ஒழுக்கு நின்னுடுச்சா அண்ணே?”

“நின்னுடுச்சு. உள்ள காத்து அடைச்சிருக்கும், அத எடுக்கணும். நீங்க உக்காந்து ஸ்டார்ட் பண்ணுங்கம்மா. ஹீட்டர ஃபுல்லா வைங்க. நான் மேல தண்ணி ஊத்துறேன்.”

அவளை உட்காரச் சொன்னது ஏன் என்று அவருக்கே தெரியும். அந்த இருக்கையில் அவரால் உட்கார முடியாது.

அவள் கதவைப் பிடித்தபடி நின்றாள். “ஹீட்டர் போட்டாத்தான் அண்ணே அவன் பேசுவான்” என்றாள், தாழ்ந்த குரலில். “அந்தக் காத்து வர்ற ஓட்டையிலேருந்து. பேச ஆரம்பிப்பான், அதுக்குள்ள காடி சூடாகி நின்னுடும். ஒரு தடவகூட முழுசா கேக்கல. அதுக்காகத்தான் பம்ப் மாத்தச் சொன்னேன்.”

சத்தியசீலன் புனலைக் கையில் எடுத்தார். வேணாம்மா, இறங்குங்க, இத இழுத்துக்கிட்டுப் போய் எங்கயாச்சும் விட்டுடலாம். இதைச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. அவள் முகத்தைப் பார்த்தார். ஒரு பதிலுக்காகக் காத்துக் காத்துக் கரைந்துபோன முகம். அவருடைய வாய் தானாக, “ஸ்டார்ட் பண்ணுங்க” என்றது.

சாரல் அடித்ததால் அவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். இன்ஜின் ஒரே திருகலில் பிடித்தது. புதுக் காடியைப் போல ஓடியது. அவர் ரேடியேட்டரில் புனலை வைத்துத் தண்ணீரை ஊற்றினார். ஊற்ற ஊற்ற இறங்கியது. ஒரு வாளி. இன்னொன்று. காடியின் அடியில் குனிந்து பார்த்தார். தரை காய்ந்திருந்தது. இவ்வளவு தண்ணீரும் எங்கே போகிறது?

பிறகுதான் கேட்டது. இன்ஜின் சத்தத்துக்கு அடியில், அதே குரல். இப்போது நடுவில் கதவே இல்லாதது போல.

நிமிர்ந்தார்.

காடிக்குள் தண்ணீர் ஏறியிருந்தது. ஹீட்டர் காற்று வரும் ஓட்டைகளிலிருந்து பழுப்பு நிறத்தில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் மடியைத் தாண்டிவிட்டது. அவள் அசையவில்லை. பக்கத்து இருக்கைப் பக்கம் தலையைச் சாய்த்து, கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அம்மா! நிறுத்துங்க! கதவத் திறங்க!”

கைப்பிடியை இழுத்தார். அசையவில்லை. ஓடிப்போய் பேட்டரி வயரைப் பிடுங்கினார். இன்ஜின் நிற்கவில்லை. பெல்ட்டை அறுத்தார். நிற்கவில்லை. பம்ப் சுற்றிக்கொண்டே இருந்தது. தண்ணீர் அவள் கழுத்துவரை. தாடைவரை. அவள் தலையாட்டினாள், புரிகிறது என்பதைப் போல. அவள் கூந்தல் அவிழ்ந்து மேலெழுந்து மிதந்தது. கைகள் ஸ்டீயரிங்கிலேயே இருந்தன.

சுத்தியல். கண்ணாடியில் ஓங்கி அடித்தார். எகிறி வந்தது. மறுபடி. மறுபடி. கீறல் இல்லை. கதவு இடுக்கில் ஒரு துளி கசியவில்லை. மறுபக்கம் ஓடினார். அதற்குள் தண்ணீர் கூரையைத் தொட்டிருந்தது. கண்ணாடி முழுக்கச் சேறு படிந்துவிட்டது. எதுவும் தெரியவில்லை.

அவர் சுத்தியலை ஓங்கினார்.

உள்ளேயிருந்து ஓர் உள்ளங்கை கண்ணாடியில் பதிந்தது. பெண்ணின் கை அல்ல. ஆவி படிந்த கண்ணாடியை வெளியே பார்ப்பதற்காகத் துடைப்பது போல, அது நிதானமாகச் சேற்றைத் துடைத்தது. துடைத்த வட்டத்துக்குள் ஒரு வாய் தெரிந்தது. அது பேசிக்கொண்டே இருந்தது. அதற்குப் பின்னால், பழுப்புத் தண்ணீரில், பிரேமாவதியின் முகம் மெல்ல அவர் பக்கம் திரும்பியது. அவளும் பேச ஆரம்பித்தாள்.