பச்சைப் படி

நாயோடு நடக்க வந்த ஒருவர்தான் அவளை முதலில் பார்த்தார். கால்வாய்க்கு இறங்கும் கற்படிகளின் அடியில், யாரோ கழற்றிப் போட்ட கோட்டைப் போல் கிடந்தாள். ஒரு கை தண்ணீரில் இருந்தது. மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது; தெருவிளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன. ஆம்புலன்ஸ் வந்தபோது மூச்சு இல்லை. போனும் கிடைக்கவில்லை, தண்ணீருக்குள் போயிருக்க வேண்டும். கோட்டுப் பையில் இருந்த மாணவர் அடையாள அட்டையை வைத்துத்தான் அவள் யார் என்று கண்டுபிடித்தார்கள். பிறகு, கடல் தாண்டி இருந்த அக்காவை அழைத்தார்கள்.

அக்கா வந்து சேர்வதற்குள் விசாரணை முடிந்திருந்தது. விபத்து. போலீஸ் அதிகாரி நல்ல மனிதர். மொழிபெயர்க்க வந்த பெண்ணுக்காக ஒவ்வொரு வாக்கியத்திலும் நிறுத்தி நிறுத்திப் பேசினார். பாசி, மழை, தேய்ந்த கல். கூட யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. தானாகக் குதித்திருப்பாளா என்று அக்கா கேட்டாள். அந்தக் கேள்வியை மொழிபெயர்க்க அந்தப் பெண்ணுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பாசியைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது என்றார் அதிகாரி. பிறகு, அவள் கேட்காத ஒன்றையும் சொன்னார். விழுந்தவுடன் உயிர் போகவில்லை. யாராவது உடனே தகவல் சொல்லியிருந்தால், ஒருவேளை.

வீட்டில் அக்காவுக்குப் பெரியவள் என்று பெயர், இறந்தவள் சின்னவள். பெரியவள் குடும்ப நீதிமன்றத்தில் வக்கீல். ஒரே படுக்கையைப் பற்றிக் கணவன் ஒரு கதையும் மனைவி ஒரு கதையும் சொல்லக் கேட்டுக் கேட்டுக் காது தடித்துப்போனவள். ஆனால் இந்த முறை அவள் யாருக்கும் வழக்காட வரவில்லை. ஒரு கேள்விக்குப் பதில் தேடி வந்திருந்தாள், அதுவும் அம்மாவின் கேள்வி.

விழுந்த அன்று சாயங்காலம்தான் சின்னவளை அம்மா போனில் பிடித்தாள். படிப்பு முடிந்தும் ஊருக்கு வரப்போவதில்லை, இங்கேயே ஆராய்ச்சிக்குச் சேரப்போகிறேன் என்றாள் சின்னவள். பேச்சு தடித்தது. "சரி, இனிமே எனக்கு ஒரே பொண்ணுன்னு நெனச்சுக்கறேன்" என்றாள் அம்மா. மறுமுனை அப்படியே துண்டிக்கப்பட்டது. அதற்குப் பிறகு அந்த எண் கிடைக்கவே இல்லை.

"கோவத்துல கட் பண்ணிட்டா. அப்படியே போய் விழுந்துட்டா. நான்தானே தள்ளுனேன்?" அம்மா அழவில்லை. சோற்றையும் தொடவில்லை. சுவரைப் பார்த்து இதையே கேட்டுக்கொண்டிருந்தாள். இல்லை என்று சொல்லப் பெரியவளுக்கு வாய் வரவில்லை. தெரியாததை அடித்துச் சொல்லும் சாட்சிகளை அவளுக்குப் பிடிக்காது.

விமானப் பயணம் முழுக்க அவள் சின்னவளின் குரல் பதிவுகளைக் கேட்டுக்கொண்டே வந்தாள். சின்னவளுக்கு நடப்பதுதான் பைத்தியம். வகுப்பு முடிந்தால் கால் போன போக்கில் போவாள். அந்த ஊர்த் தெருப் பெயர்கள் அவள் வாயில் நுழையவில்லை. அதனால் தானே பெயர் வைத்தாள். தகரக்குழாய் எந்நேரமும் ஒழுகும் சந்து மூக்கொழுகிச் சந்து. டிராம்கள் மணியடித்துக் கடக்கும் இடம் தலைவலி முக்கு. வயிறு முன்தள்ளி நிற்கும் ஏதோ தளபதியின் சிலை பெரியப்பா. கால்வாய்க்கு இறங்கும் பாசி பிடித்த படிகள் பச்சைப் படி. கூடத் தங்கியிருந்தவர்களும் அந்தப் பெயர்களையே சொல்லப் பழகிவிட்டார்கள் என்று ஒருமுறை பெருமையடித்திருந்தாள்.

கடைசிப் பதிவு அன்று சாயங்காலம் வந்தது, அம்மா பேசுவதற்குக் கொஞ்சம் முன்னால். மழைச் சத்தமும் சிரிப்புமாக இருந்தது. "அக்கா, பச்சைப் படிக்குப் பேரை மாத்தியாச்சு. இனிமே அது மாமியார் படி. ஏன்னு இப்ப சொல்ல மாட்டேன். நேர்ல சொல்றேன், விழுந்து விழுந்து சிரிப்பே."

சிரித்துக்கொண்டிருந்தவள்தான். ஆனால் அது அம்மா பேசுவதற்கு முந்திய சிரிப்பு. அந்தப் பேச்சுக்குப் பிறகு என்ன நடந்தது என்று சொல்ல ஆள் இல்லை.

மறுநாள் தங்கையின் உடலோடு ஊர் திரும்ப வேண்டும். அதற்குள் சின்னவளோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த மூன்று பேரையும் பார்த்துப் பேசுவது என்று பெரியவள் முடிவு செய்தாள்.

வீடு ஒரு பழைய கட்டடத்தின் உச்சியில் இருந்தது. காலையிலேயே விளக்குப் போட வேண்டிய வெளிச்சம். வாசலில் ஈரச் செருப்புகள், கதவுக்குப் பின்னால் காயாத கோட்டுகள். சமையலறை மேஜையில் சின்னவளின் கோப்பை கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதை எடுத்து உள்ளே வைக்கவும் யாருக்கும் மனசு வரவில்லை போலும்.

முதலில் வந்தவன் ஆந்தை. இரவெல்லாம் ரொட்டித் தொழிற்சாலையில் வேலை, பகலில் பாதி வகுப்பு, மீதி தூக்கம். அதனால் அந்தப் பெயர்.

"அன்னிக்கு சாயங்காலம் எங்க இருந்தே?"

"தூக்கத்துலக்கா."

"பச்சைப் படி பக்கம் போயிருக்கியா?"

"நான் இந்த ஊரைப் பகல்ல பாத்ததே இல்லக்கா. பச்சைப் படி பச்சையா இருக்கும்னே அவ சொல்லித்தான் தெரியும்." சொல்லிவிட்டு, சிரிக்கக்கூடாத இடத்தில் சிரித்துவிட்டவன் போல் தலையைக் குனிந்துகொண்டான்.

அடுத்து சீனியர். நெற்றி ஏறிய, மெலிந்த மனிதர். அந்த வீட்டில் மூத்தவர். அன்று அவர் தொப்பலாக நனைந்து வீட்டுக்கு வந்ததாக ஆந்தை சொல்லியிருந்தான். அதைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் இறுகியது. பிறகு மெல்லச் சொன்னார். அவருடைய ஆய்வேட்டை அன்றுதான் நிராகரித்திருந்தார்கள். பூங்காவில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை. "பச்சைப் படி பக்கமே நான் போறதில்லைங்க, எனக்கு முட்டி வலி. அவ இருந்திருந்தா அவகிட்ட மட்டும்தான் சொல்லியிருப்பேன்" என்றார். பொய் சொல்லும் மனிதர்கள் இவ்வளவு அவமானப்படுவதில்லை என்று பெரியவளுக்குத் தோன்றியது.

கடைசியாகக் கண்ணாடி. சின்னவளின் அறைத்தோழி. முகத்தில் பாதி மூக்குக்கண்ணாடிதான். பெரியவள் வந்து இறங்கியதிலிருந்து ஒரு நிமிஷம் உட்காராமல் ஓடிக்கொண்டிருந்தவள். துணிகளை மடித்தாள், காப்பி போட்டாள், குளிருமே என்று தன் சால்வையைக் கொண்டுவந்து போர்த்தினாள். கண் வீங்கியிருந்தது. இவளாவது பக்கத்தில் இருந்தாளே என்று பெரியவளுக்கு அவள்மேல் பாசமே வந்துவிட்டது.

"அன்னிக்கு எங்கம்மா இருந்தே?"

"லைப்ரரிலக்கா. பரீட்சை வருது."

"அவளைக் கடைசியா எப்ப பாத்தே?"

"காலையில. குடை எடுத்துக்கோடின்னேன். எடுக்கல."

"அதுக்கப்புறம் போன், மெசேஜ்?"

"எதுவுமே வரலக்கா. அதோட சரி." மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நான் எவ்வளவோ சொல்லிட்டேன்கா. மழை நாள்ல மாமியார் படி பக்கம் போகாதே, போகாதேன்னு. எங்க கேட்டா?"

பெரியவள் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். காப்பியைக் குடித்து முடித்தாள். அந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள்.

வழி கேட்கத் தேவை இருக்கவில்லை. மூக்கொழுகிச் சந்து ஒழுகிக்கொண்டிருந்தது. பெரியப்பா வயிற்றைத் தள்ளிக்கொண்டு நனைந்தார். பார்த்தே இராத ஊரில், செத்துப்போன தங்கை கையைப் பிடித்துக் கூட்டிப்போவது போல் இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து நடந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தாள். நினைவில்லை. அக்கா அனுப்பிய பதில்களெல்லாம் ஒரே மாதிரி: கோர்ட்டில் இருக்கேன், அப்புறம் கேக்கறேன்.

படிகள் செங்குத்தாக இறங்கின. ஒரு பக்கம் மட்டும் இரும்புக் கம்பி. பாசியின்மேல் மழை பளபளத்தது. இங்கே வைத்துத்தான் அந்தப் பதிவைப் பேசியிருப்பாள். பச்சைப் படிக்குப் பேரை மாத்தியாச்சு...

பெரியவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சற்று முன் சமையலறையில் கேட்ட ஒரு வார்த்தை இப்போதுதான் அவள் காதில் விழுந்தது.

திரும்பி வந்தபோது கண்ணாடி அறையில் தனியாக இருந்தாள். சின்னவளின் பெட்டியைப் பூட்ட முயன்றுகொண்டிருந்தாள். பெரியவள் கதவைச் சாத்தினாள். எதிர்க்கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அந்தப் படியில அவ தனியா இல்ல. கூட நீ இருந்தே."

கண்ணாடி பூட்டை மறுபடி அழுத்தினாள்.

"ஆந்தைக்கு அது பச்சைப் படி. சீனியருக்கும் பச்சைப் படி. நீ மட்டும் மாமியார் படின்னே. அந்தப் பேரு அன்னிக்கு சாயங்காலம் வச்சது. அதுக்கு முன்னாடி அப்படி ஒரு பேரே கிடையாது. எனக்கு மெசேஜ்ல சொன்னா. நான் யார்கிட்டயும் சொல்லல, எங்கம்மாகிட்டகூட. காலையில பாத்தது, அப்புறம் போனும் இல்ல மெசேஜும் இல்லன்னு நீயே சொன்னே. அப்ப உனக்கு யாரு சொன்னா? அவ பேரு வைக்கும்போது நீ பக்கத்துல இருந்திருக்கணும்."

பூட்டு ஒரு முறை கிளிக்கென்றது. கண்ணாடி பெட்டியின்மேலேயே கவிழ்ந்து விட்டாள்.

எல்லாம் வெளியே வரக் கொஞ்ச நேரம் ஆனது. படித்துப் படித்துத் தலை வலிக்கிறது என்று சின்னவள்தான் அவளை லைப்ரரியிலிருந்து இழுத்துப் போயிருக்கிறாள். படியில் இறங்கும்போது இவள் விடாமல் சொல்லிக்கொண்டே வந்தாள், பாத்து வை, கம்பியப் புடி, இந்தச் செருப்பைப் போட்டுட்டா வருவே என்று. "நீ எனக்கு மாமியாராடி?" என்று சின்னவள் சிரித்தாள். அந்த இடத்திலேயே படிக்குப் பெயர் மாறியது. உடனே அக்காவுக்கும் போனது. பிறகு அம்மாவின் அழைப்பு வந்தது. நின்றபடியே பேசினாள். முகம் மாறியது. போனைக் கையால் மூடிக்கொண்டு, இவள் பக்கம் திரும்பிச் சொன்னாள்: எங்கம்மாவுக்கு இனிமே ஒரே பொண்ணாம்டி.

"எனக்குத் தாங்கலக்கா. வைடி போனைன்னு சொல்லிப் பிடுங்கப் பாத்தேன். அவ விடல. 'விடுடி, அம்மா லைன்ல இருக்காங்க'ன்னா. வழுக்கி விழுந்தது போன்தான்கா. அதைப் புடிக்கத்தான் பாஞ்சா."

"அப்புறம் நீ ஏன் ஓடினே?"

கண்ணாடி துண்டு துண்டாகச் சொன்னாள். கூப்பிட்டாளாம், அசைவில்லையாம். செத்துப்போய்விட்டாள் என்று நினைத்தாளாம். தன் கை பட்டு விழுந்தாள் என்றால் இந்த ஊர் போலீஸ் விடுமா, படிப்பு என்ன ஆகும், இதய நோய்க்கார அப்பா என்ன ஆவார். ஓடும்போது இதெல்லாம் வரிசையாக வந்ததாம். லைப்ரரியில் ஈரத்தோடு போய் உட்கார்ந்து, யாராவது அந்தப் பக்கம் வருவார்கள் என்று புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டாளாம்.

"அவ அப்ப சாகல" என்றாள் பெரியவள். சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். ஆனால் அது தங்கைக்குச் சேர வேண்டிய உண்மை.

கண்ணாடி அழுகையை நிறுத்தினாள். அந்த மூன்று சொல்லை அவள் இனி வெகுகாலம் சுமக்க வேண்டியிருக்கும். அவளை அடிக்கத் தோன்றவில்லை. மன்னிக்கவும் தோன்றவில்லை.

"போய் மூஞ்சியைக் கழுவிட்டு வா. அந்த அதிகாரிகிட்ட போகணும். இதையெல்லாம் நீயே உன் வாயால சொல்லணும்."

அவள் எழுந்ததும் பெரியவள் ஊருக்குப் போன் செய்தாள். முதல் மணியிலேயே அம்மா எடுத்தாள்.

"அம்மா, அவ கோவத்துல கட் பண்ணல. குதிக்கவும் இல்ல. கூட இருந்த பொண்ணு பாத்திருக்கா. மழையில போன் கை நழுவிடுச்சு. அதை எடுக்கப் போனப்ப விழுந்திருக்கா."

மறுமுனையில் தொலைக்காட்சியை யாரோ அணைத்தார்கள்.

"அப்ப நான் சொன்னது... அந்த ஒரே பொண்ணுன்னு சொன்னது. அது அவ காதுல விழுந்துச்சா?"

கண்ணாடி கதவருகே ஈர முகத்தோடு நின்றிருந்தாள். பெரியவள் அவளைப் பார்த்தாள். எத்தனையோ பேரைக் கூண்டில் நிறுத்தி இப்படிப்பட்ட கேள்வியால் மடக்கியிருக்கிறாள். ஆம், இல்லை, இரண்டில் ஒன்று சொல்லுங்கள்.

"இல்லம்மா. அதுக்கு முன்னாடியே போன் விழுந்துடுச்சு. அவ கேக்கவே இல்ல."

"கேக்கலையா?"

"கேக்கல."

கண்ணாடி தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா வாய்விட்டு அழத் தொடங்கினாள், செய்தி வந்த நாளிலிருந்து முதல் தடவையாக. பெரியவள் போனை வைக்கவில்லை. அதைக் காதோடு அணைத்துக்கொண்டு, ஒரு கையால் கோட்டை மாட்டி, கண்ணாடிக்கு முன்னால் கதவைத் திறந்துவிட்டாள்.