உப்பு போட்ட பிஸ்கட்

அந்த வீட்டில் நாய் வாசமே இல்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்ததுமே அவளுக்கு அது உறைத்தது. ஆறு வருஷமாக நாய்களுக்கு பிஸ்கட் சுட்டுக் கொடுக்கிறவள். தெரிந்தவர்கள் எல்லாம் பிஸ்கட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நாய் வளர்க்கிற வீடு என்றால், என்னதான் பினாயில் ஊற்றித் துடைத்தாலும், நனைந்த கம்பளி மாதிரி ஒரு வாசம் திரைச்சீலையிலும் மெத்தையிலும் ஒட்டிக்கொண்டே இருக்கும். குடியிருக்கிறவர்களுக்கு அது தெரியாது, வருகிறவர்களுக்குத்தான் தெரியும். இங்கே அந்த வாசம் இல்லை. சோபாவின் ஓரம் கடிபடவில்லை. தரையில் மருந்துக்குக்கூட ஒரு முடி இல்லை.

"வாம்மா கண்ணு. வழி தெரிஞ்சுதா?" என்றார் டீச்சர்.

ஓய்வு பெற்ற டீச்சர். வெள்ளைப் புடவை, ஒல்லியான உடம்பு, வகுப்பை அடக்கிப் பழகியதால் சத்தம் போடத் தேவையில்லாத குரல். ஒரு வாரமாகப் போனில் கேட்டுக்கொண்டிருந்தார். "எங்க வீட்டுச் செல்லம் பாக்கெட்டுல வர்ற எதையும் தொடாதும்மா. இங்கயே வந்து சுடணும். அந்த வாசம் மூக்குல ஏறினாத்தான் அதுக்குப் பசியே எடுக்கும்." இப்படி ஒரு வேலை அவளுக்கு வந்ததே இல்லை. ஆனால் தனியாக இருக்கிற வயசானவர், பாவம். சரி என்றுவிட்டாள். வீட்டுக்காரர்தான் ஸ்கூட்டரில் கொண்டுவந்து தெருமுனையில் இறக்கிவிட்டார். "நாய்க்குச் சூடா, வீடு தேடிப் போய்ச் சமையல். எனக்கு நேத்து மிச்சம். நடத்து நடத்து," என்று சிரித்தவர், ஆறு மணிக்கு வந்து அழைத்துப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அப்போது மணி மூன்று.

"போனை இந்தத் தட்டுல வச்சிட்டுப் போ கண்ணு. மணி அடிச்சா அது மெரண்டு போயிடும்."

வைத்தாள். பயந்த நாய்கள் உண்டு, பட்டாசுச் சத்தத்துக்குக் கட்டிலுக்கடியில் போய் ஒண்டுகிற நாய்கள். அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

சமையலறை வீட்டின் பின்கோடியில் இருந்தது. நீண்ட நடை, அதன் முடிவில் கனத்த மரக்கதவு, உள்ளே ட்யூப்லைட் வெளிச்சம். எல்லாம் தயாராக எடுத்து வைக்கப்பட்டிருந்தது. கோழி ஈரல், ஓட்ஸ் மாவு, முட்டை, வேக வைத்த பூசணி, பூரிக்கட்டை, எலும்பு வடிவத்தில் ஒரு தகர அச்சு. அச்சு புதுசில்லை, ஓரமெல்லாம் தேய்ந்திருந்தது.

"புகை ஹாலுக்கு வந்தா எனக்கு இருமல் வந்துரும். கதவைச் சாத்திக்கறேன், என்ன?" என்று டீச்சர் வெளியே போனார். கதவு டக்கென்று விழுந்தது.

அவள் வேலையில் இறங்கினாள். ஈரலை வேக வைத்து, ஆறியதும் கையாலேயே மசித்து, பூசணியைச் சேர்த்து, மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிப் பிசைந்தாள். எந்த வீடானாலும் இந்த நேரத்துக்கு நாய் கதவடிக்கு வந்திருக்கும். நகம் தரையில் தடதடக்கும், கதவிடுக்கில் மூக்கை வைத்து உறிஞ்சும், குழந்தை மாதிரி முனகும். இங்கே ஈரல் வாசம் சுவரெல்லாம் ஏறிவிட்டது. ஒரு சத்தமும் இல்லை. அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில், முழங்கால் உயரத்தில், சின்னதாக ஒரு மரப்பலகை பதித்திருந்தது, தள்ளித் திறக்கிற மாதிரி. அதற்குப் பின்னால் மட்டும் ஏதோ மெதுவாக மூச்சு விட்டது. இழுத்து, நிறுத்தி, விட்டது.

"உப்பு போட்டியா கண்ணு?" கதவுக்கு வெளியிலிருந்து டீச்சரின் குரல். அங்கேயேதான் நின்றிருந்தார் போல.

"நாய்க்கு உப்பு ஆகாதும்மா. சிறுநீரகம் கெட்டுரும்."

"இதுக்கு வேணும். உப்பு இல்லாட்டி வாய்ல வைக்காது. அரை ஸ்பூன் போடு."

அவள் கை மாவிலேயே நின்றது. மறுபேச்சு பேசாமல் போட்டாள். வளர்க்கிறவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கிறுக்கு.

"ரொம்பக் கெட்டியா சுட்டுராத. பல்லு ஆட்டம் கண்டுருச்சு அதுக்கு."

முதல் தட்டை மின்சார ஓவனுக்குள் தள்ளிவிட்டு, தண்ணீர் கேட்கலாம் என்று கதவுப் பக்கம் போனாள். கைப்பிடியைத் தேடிய கை வழவழப்பான தகட்டில் பட்டு நின்றது. கைப்பிடி இல்லை. இருந்த இடத்தில் ஒரு தகடு, நான்கு மூலையிலும் திருகாணி. தகட்டைச் சுற்றி மரத்தில் கீறல்கள். நாய் கீறுகிற உயரம் அவளுக்குத் தெரியும். கதவின் கீழ்ப்பாதியில் இருக்கும், எழும்பி நின்று பிராண்டினாலும் இடுப்புக்கு மேல் வராது. இந்தக் கீறல்கள் அவள் நெஞ்சுக்கு நேரே இருந்தன. நாலு நாலு கோடாக.

"டீச்சர்."

தகட்டின் ஓரத்தை விரலால் நெம்பிப் பார்த்தாள்.

"டீச்சர், கதவைத் தொறங்க. தண்ணி வேணும்."

தட்டினாள். பிறகு அறைந்தாள். விளக்கு அணைந்தது.

புகைபோக்கி விசிறியும் நின்றது. ஓவனின் சிவப்பு விளக்கும் போனது. வெளியே மழை மேகம் போலிருக்கிறது. பால்வெள்ளைத் தாள் ஒட்டிய ஒரே ஜன்னலில் மங்கலான சாம்பல் வெளிச்சம் மட்டும். அவள் கத்தினாள். கத்தி முடித்ததும் நிசப்தம் முன்பைவிடப் பெரிதாக இருந்தது. அந்த நிசப்தத்தில் பலகைக்குப் பின்னால் மூச்சு. இழுத்து, நிறுத்தி, விட்டு.

எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று தெரியாது. கால் வலித்தது. கடைசியில் வந்து மேஜையில் சாய்ந்தாள்; அது அசைந்து பூரிக்கட்டை கீழே உருண்டுவிடாமல் இருக்க, யோசிக்காமல், எட்டி அதைப் பிடித்தாள்.

விளக்கு எரிந்தது.

"நல்ல கண்ணு," என்றார் டீச்சர், கதவுக்கு அந்தப் பக்கம், வெகு அருகில்.

கதவில், கண் உயரத்தில், கடுகளவு கண்ணாடி ஒன்று பதித்திருந்ததை அப்போதுதான் பார்த்தாள். வீட்டு வாசல் கதவில் வைப்பது மாதிரி. யார் யாரைப் பார்க்க வைத்தது என்பதில் சந்தேகம் இல்லை.

கட்டையைக் கீழே வைத்துப் பார்த்தாள். அணைந்தது. எடுத்தாள். எரிந்தது.

வேறு வழி? மாவைத் தேய்த்தாள். அச்சால் அழுத்தினாள். கை பாட்டுக்கு வேலை செய்தது, மனசு கணக்குப் போட்டது. ஆறு மணிக்கு வருவார். வருவார். சொன்னால் சொன்ன நேரத்துக்கு வருகிற மனுஷன். கல்யாணத்தன்றைக்குக்கூட எல்லாருக்கும் முன்னாலேயே வந்து நின்று கேலிக்கு ஆளானவர். அதுவரைக்கும் இந்தக் கிழவி சொல்கிறபடி ஆடினால் போதும்.

முதல் தட்டு வெந்தது. வாசம் எழும்பியதும் பலகைக்குப் பின்னால் எதுவோ தரையில் தேய்ந்து நகர்ந்தது.

"ஆறினதும் ஒண்ண எடுத்துக்க. பலகையத் தள்ளி நீட்டு. கைய உள்ள விட்டுராத."

மண்டியிட்டாள். பலகை எண்ணெய் போட்டது மாதிரி சத்தமில்லாமல் நகர்ந்தது. உள்ளே இருட்டு. சோப்பு வாசமும், வெகுநாள் வெயில் படாத அறையின் வாசமும். நாய் வாசம் இல்லை. இடுக்கியின் நுனியில் பிஸ்கட்டை வைத்து நீட்டினாள். மிருதுவாக, பதறாமல், அது எடுத்துக்கொள்ளப்பட்டது.

சாப்பிடுகிற சத்தத்தைக் கேட்டாள்.

நாய் மென்று தின்னாது. நறுக்கென்று உடைக்கும், விழுங்கும், நாக்கால் தரையைத் துழாவும். இது வாயை மூடிக்கொண்டு மென்றது. நிதானமாக. ஒரு பக்கக் கடைவாயில் மட்டும், வலிக்கிற பல்லை ஒதுக்கிவிட்டு. விழுங்கியது. பிறகு மெல்ல மூக்கை உறிஞ்சியது, அழுதவர்கள் உறிஞ்சுகிற மாதிரி.

அவள் தட்டிலிருந்து இன்னொன்றை எடுத்தாள்.

இரண்டாவதை நீட்டியபோது அதை வாங்கியது விரல்கள்.

பெண்ணின் கை. ஒட்ட வெட்டிய நகம். மணிக்கட்டுக்கு மேல் குறுக்காக மூன்று நான்கு பழைய தழும்பு, கோடு கோடாக. அந்தத் தழும்பு எப்படி வரும் என்று அவளிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஓவனுக்குள் கை விட்டுத் தட்டை எடுக்கும்போது மேல் கம்பி சுட்டு வருவது. அவள் கையிலும் அதே இடத்தில், அதே மாதிரி இருந்தது.

தேய்ந்த தகர அச்சு மேஜையில் பளபளத்தது.

அவள் இடுக்கியைக் கீழே வைத்தாள். கதவுக்கு முதுகைக் காட்டி, குனிந்து எதையோ பொறுக்குவது போல, வாயை அசைக்காமல் பேசினாள்.

"அக்கா. கேக்குதா? ஆறு மணிக்கு என் வீட்டுக்காரர் வருவாரு. கேட் சத்தம் கேட்டதும் நான் கத்துவேன். நீங்களும் கத்துங்க. ரெண்டு பேரு கத்துனா எப்படியும் கேக்கும். செய்வீங்களா?"

பலகைக்குப் பின்னால் மூச்சு மட்டும்.

"செய்வீங்களாக்கா?"

இருட்டிலிருந்து அந்தக் கை மறுபடி வந்தது. துழாவி, அவள் விரல்களைப் பிடித்து, ஒரு முறை அழுத்தியது. சூடாக இருந்தது. அந்தச் சூட்டில் அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

அதன்பிறகு அவள் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டாள். பிசைந்தாள். தேய்த்தாள். சுட்டாள். டீச்சர் நீட்டச் சொன்னபோது நீட்டினாள். "நல்ல கண்ணு" என்ற ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஜன்னல் மூலையில் யாரோ தாளை நகத்தால் சுரண்டி, பொத்தான் அளவுக்கு ஓட்டை போட்டிருந்தார்கள். அதன் வழியே பார்த்தால் பக்கவாட்டுச் சந்தும், சந்தின் கோடியில் கேட்டின் ஒரு கீற்றும் தெரிந்தது.

மழை பிடித்தது. வெளிச்சம் வடிந்தது.

ஸ்கூட்டர் சத்தம்.

அவளுக்கு அந்த இன்ஜினின் இருமல் தெரியும். பாய்ந்து ஓட்டையில் கண்ணை வைத்தாள். கேட்டுக்கு வெளியே ஹெல்மெட், நனைந்த நீலச் சட்டையின் தோள். டீச்சர் குடை பிடித்து நின்றார்.

"அந்தப் பொண்ணா? அஞ்சு மணிக்கே முடிச்சிருச்சேப்பா. ஆட்டோ பிடிச்சுப் போறேன்னுச்சு."

"போனை எடுக்கவே இல்லையேம்மா..."

"எங்க எடுக்கும்? இங்கயே மறந்து வச்சிட்டுப் போயிருச்சு. இந்தாப்பா."

அவர் கை நீண்டது. போனை வாங்கிக்கொண்டது.

இப்போது.

பூரிக்கட்டையால் ஜன்னலை ஓங்கி அடித்தாள். உள்ளே கம்பி பதித்த கண்ணாடி, விரிசல் விட்டது, விழவில்லை. அவர் பெயரைச் சொல்லி, அடிவயிற்றிலிருந்து, தொண்டை கிழியக் கத்தினாள்.

அதே நொடி பலகைக்குப் பின்னாலும் சத்தம் வெடித்தது.

குரைப்பு.

கனத்த, பெரிய, நெஞ்சுக்கூட்டிலிருந்து வருகிற குரைப்பு. ஒன்றன்மேல் ஒன்றாக. மூச்சு விடாமல். அவள் கத்தக் கத்த அது உயர்ந்தது. அவள் கண்ணாடியை அடிக்க அடிக்க அது சுவரில் மோதியது. அவள் அவர் பெயரைச் சொன்ன இடமெல்லாம் அது குரைத்து மூடியது. எந்த நாயும் அதைவிட நன்றாகக் குரைக்க முடியாது.

கேட்டில் நீலச் சட்டை இரண்டடி பின்வாங்கியது.

"யப்பா! பெரிய நாய் போலிருக்கே."

"பயப்படாதப்பா. கட்டித்தான் போட்டிருக்கு."

அவர் சிரித்தார். அவளுக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு. ஹெல்மெட் தலையை ஆட்டியது. இன்ஜின் இருமியது. போனது. தெருமுனையில் ஒருமுறை ஹாரன். அப்புறம் மழை மட்டும்.

குரைப்பு நின்றது. குழாயை மூடினாற்போல, சட்டென்று.

அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். கத்த மிச்சம் எதுவும் இல்லை. நடையில் டீச்சரின் செருப்புச் சத்தம், அவசரமில்லாமல், நெருங்கி வந்து கதவுக்கு வெளியே நின்றது.

"கேட்டியா, எவ்வளவு சமத்தாப் பண்ணுச்சுன்னு? ஒண்ணு குடு கண்ணு."

பலகை உள்ளிருந்து நகர்ந்து திறந்தது. இருட்டிலிருந்து அந்தக் கை வெளியே வந்தது. விரல்களைச் சேர்த்து, உள்ளங்கையை மேலே காட்டி, கொஞ்சமும் நடுங்காமல், அவள் முகத்துக்கு நேரே நீண்டு நின்றது.