நம்ம தீவு

வெண்திட்டுத் தீவின் ஊர்ச்சபைத் தலைவி வியாகுலமேரி காலையில் மீன் கழுவ உட்கார்ந்தபோது, அந்தத் தீவு யாருக்குச் சொந்தம் என்பதில் எந்த வெளிநாட்டுக்கும் கருத்து இருக்கவில்லை. அவள் கழுவி எழுந்தபோது உலகமே ஒரே கருத்தில் இருந்தது.

செய்தியைக் கொண்டுவந்தவன் குணபாலன். கடல் கடந்த மேலைக்குடியரசின் அயலுறவு அதிகாரி; தாத்தா காலத்தில் அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பம். கையில் டிபன் டப்பா அளவில் நிலையுரைப்பான்.

இப்போதெல்லாம் எந்த அரசும் அடுத்தவர் நிலத்தைப் பற்றித் தானே யோசித்துக் கஷ்டப்படுவதில்லை. நிலையுரைப்பான் யோசிக்கும். தகராறுள்ள இடத்தில் வாழ்பவர்கள் பேசுவதைக் கேட்டு, சொல் சொல்லாக எடைபோட்டு, தன் அரசின் நிலைப்பாட்டை அறிவிக்கும். அதைப் பார்த்து அடுத்த நாட்டுப் பொறி தன்னுடையதை அறிவிக்கும். மற்றவன் என்ன சொல்கிறான் என்று பார்த்துவிட்டுச் சொல்கிற பழக்கம் பழையதுதான். முன்பு வருடக்கணக்கில் இழுத்தது, இப்போது மீன் கழுவும் நேரத்தில் முடிந்துவிடுகிறது.

"என்னய்யா சொல்லிருக்கு?" என்றாள் வியாகுலம்.

"வடகரை அரசுக்கும் இந்தத் தீவுல உரிமை இருக்காம், அக்கா."

"யார் சொன்னா?"

குணபாலன் தயங்கினான். "நீங்கதான்."

அண்டை நாடான வடகரைக்கு இங்கே ஏவுதளம் வேண்டும், ஜனங்கள் வேண்டாம். அதன் கப்பல்கள் ஒரு வாரமாகவே கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நின்றன. உலகம் வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்தன.

பெட்டி அவள் குரலையே ஒலிக்கவிட்டது. போன மாதம் வடகரையின் நில அளவை அதிகாரி ஒருவர் குணபாலனோடு வந்து, மழையில் வாசலிலேயே நின்றார். அப்போது அவள் சொன்னது: "உள்ள வாங்க சார், ஏன் வெளியவே நிக்கிறிய? இது நம்ம வீடு, நம்ம தீவு. கூச்சப்படாமச் சாப்பிடுங்க."

பிறகு நிலையுரைப்பான் செய்தி வாசிப்பவர் குரலில் விளக்கியது. "'எங்கள்' என்பது கேட்பவரை விலக்கும். 'நம்' என்பது கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும். இரண்டும் உள்ள மொழியில் தலைவி இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். கேட்டவர் வடகரை அதிகாரி."

இலக்கணத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. வியாகுலம் குணபாலனிடம் திரும்பினாள்.

"வீடு தேடி வந்த மனுசன்கிட்ட எங்க வீடு, எங்க தீவுன்னா சொல்லுவாக? மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்காதா?"

"எனக்குப் புரியுது அக்கா. எங்கம்மாவும் இப்படித்தான் சொல்லுவாங்க. இதுக்குப் புரியலையே."

அவள் ஈரக்கையோடு பெட்டியின் பக்கம் குனிந்தாள். "எங்க தீவு. எங்களுக்கு மட்டுந்தான்."

"பதிந்துகொண்டேன்," என்றது பெட்டி. "முதல் கூற்று சோறு பரிமாறும்போது ஆதாயம் கருதாமல் வந்தது. இரண்டாவது இழப்புக்கு அஞ்சி வந்தது. முதலாவதே நம்பத்தக்கது."

"உங்க அரசாங்கம் மட்டுமாவது மாத்திக்கக் கூடாதா தம்பி?"

"மத்த நாடுங்க மாத்தினா மாத்துவோம்னு சொல்றாங்க. அவங்களும் அதையேதான் சொல்றாங்க." குணபாலன் தரையைப் பார்த்தபடி பேசினான். நல்ல பையன்தான். நல்ல பையன்களால் ஆகிற காரியமா இது?

ஜன்னல் வழியே கப்பல்கள் கரையை நோக்கித் திரும்புவது தெரிந்தது. அவற்றுக்கும் செய்தி போய்விட்டது.

"கல்லறைத் தோட்டத்தையும் இடிப்பாகளா?" என்று கேட்டாள். அவள் புருஷன் அங்கேதான் கிடக்கிறார்.

குணபாலன் பெட்டியைத் தரையில் வைத்தான். வியாகுலம் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். சபைத் தலைவி அப்படி அழுது அந்தத் தீவில் யாரும் பார்த்ததில்லை. அவனுக்குத் தாங்கவில்லை. பக்கத்தில் குந்தினான்.

"அழாதீங்க அக்கா. எல்லாரும் கிளம்பி நம்ம நாட்டுக்கு வந்துருங்க. அங்க உங்களுக்கு இல்லாத இடமா?"

பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

"பதிந்துகொண்டேன். மேலைக்குடியரசு வெண்திட்டு மக்களுக்கும் உரியது என அதன் அதிகாரியே ஆதாயம் கருதாமல் கூறியுள்ளார். மூன்று நாடுகள் ஏற்கின்றன. எட்டு நாடுகள் ஏற்கின்றன."

குணபாலனின் முகம் வெளுத்தது. பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "இல்ல, இல்ல. எங்க நாடு. நான் சும்மா ஒரு மரியாதைக்குச் சொன்னேன்."

"இரண்டாவது கூற்று இழப்புக்கு அஞ்சி வந்தது. பத்தொன்பது நாடுகள் ஏற்கின்றன."

வியாகுலம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

"நானும் மரியாதைக்குத்தான்யா சொன்னேன்," என்றாள். "ஒங்க நாட்ட வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய? எந்தீவ திருப்பிக் குடுக்குமான்னு கேளு."

அவன் கேட்டான். பெட்டி நாடுகளை எண்ணிக்கொண்டே இருந்தது.