பத்துக் கெண்டைகளின் சாட்சியம்

காலை ஆறு மணி. ரெஜினா தன் வீட்டு வாசலில் இருந்த தொட்டியின் விளிம்பைப் பிடித்துக் குனிந்து எண்ணினாள். பத்துக் கெண்டைகளில் ஐந்து மல்லாந்து மிதந்தன.

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

2079இல் தண்ணீரைச் சோதிக்கும் மீட்டரை யாரும் நம்புவதில்லை. அதனால்தான் இந்த உயிர்ச்சாட்சித் தொட்டி, ஊர்க்காரர்களுக்கு 'டேங்க்'. அதைப் பராமரிப்பவள் ரெஜினா. ஆற்று நீர் இதற்குள் ஓடும். பாதி மீன்கள் செத்தால் தோல் ஆலைகளை மூட வேண்டும், ஊருக்கு லாரியில் நல்ல தண்ணீர் வரும். மீன்கள் பிழைத்திருந்தால் பச்சை விளக்கு. அதே ஆற்று நீர் குடிதண்ணீராகக் குழாயில் வரும். வெளித் தண்ணீர் ஊருக்குள் நுழையத் தடை.

ரெஜினாவின் கணவன் பூபாலனுக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்க்கொண்டிருந்தன. "இந்தத் தண்ணி இனி ஒரு வாய்கூட ஆகாது" என்றிருந்தார் டாக்டர். நேற்றுக் காலையிலிருந்து அவன் எதையும் குடிக்கவில்லை.

அரை மணி நேரத்தில் நீர் அலுவலர் அருளாளன் வந்து இறங்கினார்.

"இன்னாம்மா, அஞ்சும் ஒரே நாள்லயா?"

"நல்லா எண்ணிக்கோங்க சார். லாரி எப்ப வரும்?"

அவர் ஒரு மீனின் செவுளைக் கீறி, செவுள்மானியில் வைத்தார். புருவம் ஏறியது.

"சாறே இல்லியே. எத்தினி நாளா ஊத்தல?"

ரெஜினா வேண்டுமென்றே நிறுத்தி ஒன்பது நாள்.

அந்தச் சாறே அவள் கண்டுபிடித்ததுதான். மூன்று வருடம் முன்பு, மீன்கள் வாயைப் பிளந்து திணறுவதைப் பார்க்கச் சகிக்காமல், நீர்ப்பிரம்மி, வேலம்பாசி என்ற நீர்ச்செடிகளை அரைத்துத் தொட்டியில் ஊற்றினாள். பிழைத்துக்கொண்டன. நீர்த்துறை அவளுக்குச் சால்வை போர்த்தியது. இன்று நாற்பத்திரண்டு ஊர்த் தொட்டிகளில் 'ரெஜினா சாறு'. நாற்பத்திரண்டிலும் பச்சை விளக்கு.

"சாறு ஊத்தாம செத்தா பராமரிப்புக் குறை. தண்ணி மேல பழி போட முடியாது. போன மாசமே சட்டத்தைத் திருத்திட்டாங்க."

"அப்போ சாறு இல்லாட்டி இந்தத் தண்ணியில உசுரு தங்காதுன்னு நீங்களே சொல்றீங்க."

"மீனுக்குத்தாம்மா."

"மனுசனுக்கு?"

"அதுக்கு இன்னும் ஆர்டர் வரல." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

புதிதாக ஐந்து கெண்டைகளை விட்டு, தன் கையாலேயே சாற்றை ஊற்றினார். திணறிக்கொண்டிருந்த பழைய மீன்கள்கூட மெல்ல வாலை ஆட்டின. பச்சை விளக்கு எரிந்தது. தெருக் குழாய்கள் இருமிவிட்டு ஓடத் தொடங்கின.

உள்ளேயிருந்து பூபாலனின் குரல். "ரெஜி... லாரி சத்தமா கேட்டுது? நாக்கு ஒட்டிக்கிச்சுடி."

அவள் குழாயடியில் நின்றாள். டம்ளர் நிறைந்து வழிந்தது. அதன் அடியை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"லாரித் தண்ணியா?"

"ம்."

ஒரே மூச்சில் குடித்தான். கண்களை மூடிக்கொண்டான்.

"நல்ல தண்ணி நல்ல தண்ணிதான்டி. இன்னும் ஒரு டம்ளர் குடு."