ஒப்புக்கொடுத்த பெயர்

லுணுகலையில் பஸ்ஸை விட்டு இறங்கித் தேயிலை மலையேறி, ஜெப வீடாகிவிட்ட பழைய துரை பங்களாவுக்கு விஜயலெட்சுமி வந்து சேர்ந்தபோது பிற்பகல் மூன்று மணி ஆகப்போகும் நேரம்.

அவள் ஜெபத்துக்கு வரத் தொடங்கி இருபத்தோராம் நாள் அது. மகன் பதுளை ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தான். மாரியம்மனைக் கும்பிடுகிறவள் இங்கே வந்ததே அவனுக்காகத்தான். பாஸ்டர் ஜெயரூபன் ஒரு ஜெபத்தை எழுதிக் கொடுத்து, "தெனமும் மூணு மணிக்கு முழங்கால்ல நின்னு சொல்லுங்க அக்கா. ஆண்டவர முழுசா நம்பணும்" என்றிருந்தார். மழையோ அட்டையோ, ஒரு நாளும் தவறவில்லை அவள். அந்த வைராக்கியம் யாருக்கு வரும்!

உள்ளே ஒரே பனிமூட்டம். ஊறிப்போன சுவரின் நாற்றம். முழங்காலிட்டாள்.

"ஆண்டவரே, என் ஜீவனை உமது கையில் ஒப்புக்கொடுக்கிறேன். ஏற்றுக்கொள்ளும்."

பின்னால் பலகை முனகியது.

திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை.

"ஏத்துக்கிட்டேன்."

காதோரம்தான் கேட்டது. சில்லென்றிருந்தது. அவளோ சந்தோஷத்தில் அழுதுவிட்டாள். கடவுளே பேசிவிட்டாரே! வாசலுக்கு ஓடினாள். பாஸ்டர் கையில் போனோடு வந்துகொண்டிருந்தார், முகம் பேயறைந்தது போலிருந்தது.

"அக்கா... உங்க மக நிரஞ்சலா ஆஸ்பத்திரியில இருந்து பேசுச்சு. மகன் தவறிட்டாராம். இப்பத்தான்."

"பொய்! ஏத்துக்கிட்டேன்னு ஆண்டவர் சொன்னாரே! என் ஜீவன..."

"யாரு ஜீவன்?"

"என் மகன்தாங்க! அவன் பேரப் போட்டுத்தானே எழுதிக் குடுத்தீங்க?"

பாஸ்டர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, அவரு பேரு எனக்குத் தெரியாதே அக்கா. வேதத்துல ஜீவன்னா உசுரு. உங்க உசுரத்தான்..."

இருபத்தொரு நாளும் தன் வாயாலேயே பிள்ளையைத் தூக்கிக் கொடுத்திருக்கிறாள். உள்ளே பாய்ந்தாள்.

"நம்ப வச்சுக் கழுத்தறுத்திட்டியே! குடு என் புள்ளைய!"

பனி அசையவில்லை.

பதில் வந்தது, மெதுவாக, மரியாதையாக.

"உங்களுக்கு இன்னொரு புள்ள இருக்குல்ல. அது பேரு என்னங்க?"

இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். செத்தாலும் சொல்ல மாட்டாள்.

பின்னாலேயே வந்த பாஸ்டர் முழங்காலில் விழுந்தார். பெயர் சொல்லி ஜெபித்தே பழகிய வாய் அது.

"ஆண்டவரே, நிரஞ்சலாவைக் காப்பாற்றும்!"

அவர் கையிலிருந்த போன் மறுபடியும் அடித்தது.