அலமாரித் தாளையும் எடுத்துப் போனவர்

"மேடம், என் பி.சி.பி.யைக் காணோம். யார் எடுத்தான்னு எனக்குத் தெரியும். சாயங்காலத்துக்குள்ள நீங்க அவன்கிட்ட இருந்து வாங்கித் தரணும், அவ்வளவுதான்."

உட்காரச் சொல்லியும் உட்காராமல், நின்றபடியே பேசினாள் அந்த மின்னணுப் பொறியாளர். மேசைக்குப் பின்னால் இருந்த துப்பறிவாளர் பேனாவைத் தொடக்கூட இல்லை. அருகில் நின்ற அவருடைய கொழுந்தன்தான் காலணியை மாட்டத் தொடங்கிவிட்டான். அவனுக்குப் புயல் என்று பெயர் வைத்தவர் அண்ணிதான். வேகத்துக்காக வைத்த பெயர் இல்லை. அவன் நுழைந்த அறையில் எதுவும் இருந்த இடத்தில் இருக்காது.

"பி.சி.பி.ன்னா நான் பள்ளிக்கூடத்துல படிச்சது அண்ணி. பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி. மூணுலயும் கோட்டை விட்டேன்."

அந்தப் பெண்ணுக்குச் சிரிக்கும் மனநிலை இல்லை. அவள் சொன்னது மின்சுற்றுப் பலகை. உள்ளங்கை அளவுப் பச்சைத் தகடு, அதன்மேல் கம்பிகளுக்குப் பதிலாக மெல்லிய செம்புக் கோடுகள், கோடுகள் சேரும் இடமெல்லாம் சில்லுகள். குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் மூச்சு நின்றால் அந்த நொடியே மணியடிக்கும் கருவிக்கு அதுதான் மூளை. ஒவ்வொரு சில்லையும் அவளே பற்றவைத்திருந்தாள். இன்னொரு பிரதி கிடையாது. அதைப் பார்க்க மாலையில் மருத்துவர்கள் வருகிறார்கள்.

"பக்கத்து மேசைக்காரன்தான் மேடம். அவனும் இதே மாதிரி ஒண்ணு செய்யறான். காலையில, 'உன் போர்டு மருத்துவர்களைப் பார்த்ததும் மூச்சை விட்டுடும்'னு கிண்டல் பண்ணினான். மதியம் பொது அலமாரியில பார்த்தா, போர்டு வெச்ச பெட்டியே இல்ல. இயக்குநர்கிட்டப் புகார் எழுதிக் கையில வெச்சிருக்கேன்."

"கொஞ்ச நேரம் கையிலயே இருக்கட்டும்மா," என்றார் அண்ணி.

பல ஆய்வுக் குழுக்கள் பகிர்ந்துகொள்ளும் பழைய கட்டடம் அது. வாசலில் வேதிப் பாதுகாப்பு அதிகாரி அவர்களை நிறுத்திக் காலணி உறை போட வைத்தார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. இந்தக் கட்டடத்துல ஒரு சொட்டு விஷம் ஒரு ராத்திரி தங்கினது கிடையாது. என் பொறுப்பு அப்படி. கழிவு வண்டி நாலு மணிக்கு வரும். ஏத்தினா நேரா உலைதான், சாம்பல்கூட மிஞ்சாது."

"சார், என் போர்டு இன்னும் கிடைக்கல," என்றாள் பொறியாளர்.

"முன்னாடியே கேட்டியேம்மா. பார்க்கலையே நான். பார்த்திருந்தா உன் மேசையில கொண்டுவந்து வெச்சிருக்க மாட்டேனா?"

அந்தக் குரலில் பொய் இல்லை என்று புயலுக்கே தோன்றியது.

பொது அலமாரி மேல்மாடியில் இருந்தது. தட்டு முழுக்கப் பழுப்புத் தாள் விரித்திருந்தார்கள். பெட்டி இருந்த இடத்தில் மட்டும் தாள் நேர்கோட்டில் வெட்டி எடுக்கப்பட்டு, இரும்பு பளபளவென்று தெரிந்தது. குனிந்தால் டர்பன்டைன் போல ஒரு வாசனை. தட்டின் இடுக்கில் சாம்பல் நிறக் குறுமணிகள் சில சிக்கியிருந்தன. ஒரு சாண் தள்ளி, மின்னலைகளைத் திரையில் காட்டும் விலையுயர்ந்த அலைகாட்டி அப்படியே இருந்தது.

"கைரேகையைத் துடைச்சிருக்கான் அண்ணி. கைதேர்ந்தவன்," என்றான் புயல், அங்கே நின்ற பக்கத்து மேசைக்காரனை முறைத்தபடி.

"துடைச்சது நானா?" என்றான் அந்த இளைஞன். "என் மேசையைப் பாருங்க சார். துடைக்கிற ஆள் மேசையா அது?"

காலிக் கோப்பைகளுக்கும் ஒயர் சுருள்களுக்கும் நடுவே மேசை என்று எதுவும் தென்படவில்லை. புயல் தயக்கத்துடன் முறைப்பைக் குறைத்துக்கொண்டான்.

அண்ணி பொறியாளரிடம் திரும்பினார். "போர்டை வைக்கிறதுக்குப் பெட்டி உங்களுக்கு எங்க கிடைச்சது?"

"கீழே பழைய டிரான்ஸ்ஃபார்மரைக் கழட்டறாங்களே, அந்த அறை வாசல்ல கிடந்த காலி அட்டைப்பெட்டி. மூலையில எண்ணெய்க் கறை இருந்தது. போர்டு வெள்ளி நிற உறைக்குள்ளதானே இருக்குன்னு விட்டுட்டேன்."

"மேல என்ன எழுதினீங்க?"

"பெருசா பி.சி.பி.ன்னு. கீழே, 'வெறுங்கையால் தொடாதீர்கள்'னு."

"ஏன் தொடக் கூடாது?"

"கதவுக் கைப்பிடியைத் தொட்டா சில நேரம் சுருக்குன்னு அடிக்குமில்ல? நம்ம உடம்புல தேங்கின மின்சாரம் அது. நமக்கு அது சின்ன அதிர்ச்சி. சில்லு செத்தே போயிடும்."

அண்ணியின் முகத்தில் முதன்முறையாக ஒரு மலர்ச்சி வந்தது. "தம்பி, கீழே இருக்கிற அதிகாரியைக் கையோடு கூட்டிட்டு வா. நடந்தே போ."

புயல் ஓடினான்.

எல்லாரும் அலமாரி முன் கூடியதும் அண்ணி தொடங்கினார். "திருடனுக்குப் பொருள்மேல ஆசை இருக்கும். எடுத்ததும் ஓடுவான். இங்க வந்தவர் பெட்டியோட சேர்த்து, அது பட்ட தாளையும் வெட்டி எடுத்திருக்கார். தட்டைக் கரைப்பான் விட்டுத் துடைச்சிருக்கார். இந்தக் குறுமணி, சிந்தின எண்ணெயை உறிஞ்சறதுக்குப் போடற களிமண். பக்கத்துலயே இருந்த விலை உயர்ந்த பொருளை அவர் திரும்பிக்கூடப் பார்க்கல. ஆசைப்பட்டவர் செய்யற வேலை இல்ல இது. பயந்தவர் செய்யற வேலை." அதிகாரியைப் பார்த்தார். "சார், பி.சி.பி.ன்னா என்ன?"

"பாலிகுளோரினேட்டட் பைஃபீனைல்," என்றார் அவர் சட்டென்று. "பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில கலப்பாங்க, தீப்பிடிக்காது. ஆனா விஷம். உடம்புக்குள்ள போனா கொழுப்புல தங்கிடும், லேசுல வெளியேறாது. இன்னைக்குக் காலையிலகூட இதே தட்டுல யாரோ பொறுப்பில்லாம ஒரு பெட்டி..."

அவர் பேச்சு பாதியில் நின்றது. பொறியாளரின் கண்கள் விரிந்தன.

"எண்ணெய்க் கறை இருக்கு, பேர் எழுதியிருக்கு, தொடாதேன்னும் எழுதியிருக்கு," என்றார் அண்ணி. "திறந்து பார்க்காம அப்படியே டிரம்முல போட்டு மூடினீங்க. உங்க வேலையில அதுதான் சரி. இந்தப் பெண் போர்டைப் பார்த்தீங்களான்னு கேட்டப்போ நீங்க சொன்னதும் உண்மை. நீங்க பார்த்தது பெட்டியைத்தான். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கீழே இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயைச் சோதிச்சீங்களா?"

"முடிவு நேத்தே வந்தாச்சு. சுத்தமான எண்ணெய், விஷம் துளியும் இல்ல. அதனாலதான் இந்தப் பெட்டி வேற எங்கிருந்தோ வந்திருக்குன்னு நினைச்சேன்."

கீழே கழிவு வண்டியின் ஹாரன் ஒலித்தது.

இந்த முறை அண்ணியும் ஓடினார். எல்லாருக்கும் முன்னால் பக்கத்து மேசைக்காரன் படிகளை இரண்டிரண்டாகத் தாவி, வண்டியில் ஏறிக்கொண்டிருந்த மஞ்சள் டிரம்மை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்துக்கொண்டான். அதிகாரி கையுறை மாட்டி முத்திரையை உடைத்தார். உள்ளே இரண்டு பாலித்தீன் உறைகள், அவற்றுக்குள் பெட்டி, அதற்குள் வெள்ளி உறை. அதற்குள் பலகை, ஒரு தூசு படாமல்.

"எப்படிக் கட்டியிருக்கீங்க பாருங்க சார்," என்றாள் பொறியாளர். "நான்கூட இவ்வளவு பத்திரமா வெச்சதில்ல."

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். "என் பொறுப்பு அப்படிம்மா."

பலகை கருவியில் ஏறியது. பக்கத்து மேசைக்காரன் தானாகவே மூச்சை அளக்கும் உணர்வியை மார்பில் ஒட்டிக்கொண்டு மூச்சை அடக்கினான். மணி கணீரென்று அடித்தது. கீழே நின்ற வண்டி ஓட்டுநர் ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். பொறியாளர் புகார்க் கடிதத்தை நான்காகக் கிழித்தாள்.

"நம்ம கட்டடத்துல செஞ்சது," என்றார் அதிகாரி, தானே செய்தது போல.

"தப்பு யார்மேல அண்ணி?" என்று புயல் கிசுகிசுத்தான்.

"அவங்கவங்க துறையில அந்த மூணு எழுத்துக்கு ஒரே பொருள்தான், அதுல ரெண்டு பேருமே சரி. ஆனா அலமாரி பொது." அண்ணி எல்லாருக்கும் கேட்கும்படிச் சொன்னார். "இனிமே பெட்டிமேல மூணு விஷயம் எழுதுங்க. பொருளோட முழுப் பேர். யாருடையது. தொடாதேன்னு எழுதினா, பொருள்கிட்ட இருந்து கையைக் காப்பாத்தவா, கைகிட்ட இருந்து பொருளைக் காப்பாத்தவான்னு."