பின்சீட்டில் புளித்த வாடை

அன்று ஜீப்பில் இருந்தவர்கள் மூன்று பேர். ஸ்டியரிங்கில் தாமஸ், பக்கத்தில் மகன் மார்ட்டின், பின்னால் மருமகள் ஆரோக்கியசெல்வி. அவளுக்கு அருகே இடம் காலியாக இருந்தது. இதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

அந்தமானின் நவம்பர் மழை. சாத்தாமில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று ஏறிய ஃபெர்ரி, பாம்பூஃப்ளாட் கரையைத் தொட்டபோது மணி ஐந்துதான். அதற்குள் நன்றாக இருட்டிவிட்டது.

"தாமஸ் சாப், இன்னைக்கு எத்தனை பெக்?" கயிறு கட்டுகிறவன் இளித்தான்.

தாமஸ் சட்டைப் பையிலிருந்து கசங்கிய சீட்டை எடுத்து நீட்டினார். விபத்தன்று போலீஸ் ஊதச் சொல்லிச் சோதித்துக் கொடுத்த சீட்டு. பூஜ்யம். முப்பது வருடத்துக்கு முன் பாதிரியார் முன்னிலையில் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்தவர் அவர். ஒரு மாதமாக ஊருக்கெல்லாம் இந்தச் சீட்டைக் காட்டிக் காட்டிக் கை சலித்துவிட்டது.

"படிச்சுப் பாருடா. குடிச்சவன் செத்தவன். நானில்ல."

செத்தவர் முனியாண்டி. சுனாமிக்குப் பிறகு கச்சால் தீவிலிருந்து வந்து, மேட்டு ரப்பர் தோட்டத்தில் பால் எடுத்தவர். அந்த மேட்டின் ஒரு வளைவில், சாலையோரமாக நடந்துபோனவர் மேல் தாமஸின் ஜீப் ஏறியது. குனிந்து பார்த்தபோது சட்டையில் புளித்த வாடை. கள் என்று அங்கேயே தீர்மானித்துவிட்டார் தாமஸ். நாளைக் காலை போலீஸில் அதை எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். "எம் புருசன் அதத் தொட்டதே இல்லைங்க" என்று முனியாண்டியின் மனைவி கருப்பாயி வாசலில் வந்து நின்றும் அவர் மசியவில்லை.

ஜீப் மேட்டில் ஏறியது. தாமஸ் தும்மினார்.

"மாமா, சாத்தாம்லயே ஒரு சளி மாத்திரை போட்டீங்க. அன்னைக்கும் இதான் போட்டிருந்தீங்க." செல்வி ஃபீனிக்ஸ் பே பகுதி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். "தூக்கம் வரும், வண்டி ஓட்டாதேன்னு அட்டையிலயே இருக்கு. சாராயம் மட்டுமில்ல, மருந்து மயக்கத்துல ஓட்டினாலும் குத்தம்தான்."

"மருந்துக்கும் சாராயத்துக்கும் வித்தியாசம் தெரியாதவனா நான்?"

"சாவியைக் குடுங்கப்பா" என்றான் மார்ட்டின்.

"உங்கப்பன் இன்னும் சாகலடா."

தாமஸ் கியரை மாற்றினார். வைப்பர் கிறீச்சிட்டது. வளைவுகள் ஒவ்வொன்றாகக் கழிய, மூடிய ஜீப்புக்குள் ஒரு வாடை மெல்லப் பரவியது.

"என்ன நாத்தம் இது?"

"ரப்பர் பால், மாமா." செல்வியின் குரல் தாழ்ந்தது. "புளிச்சா இப்படித்தான் நாறும்."

அதே வாடை.

கள் இல்லை.

தாமஸின் இமைகள் கனத்தன. வைப்பரின் ஓசை எங்கோ தொலைவுக்குப் போனது.

"ஐயா, முழிச்சுக்கங்க."

காதுக்குப் பின்னால். ஈர மூச்சோடு.

பிரேக்கை மிதித்தார். ஜீப் வழுக்கி நின்றது. விளக்கு வெளிச்சத்தில், பம்பருக்கு ஒரு முழம் முன்னால், குடையோடு உறைந்து நின்றாள் கருப்பாயி.

"செல்வி, நீயா கூப்பிட்டே?"

"நான் உங்கள ஐயான்னா கூப்பிடுவேன்?"

மார்ட்டின் டார்ச்சைப் பின்னால் அடித்தான். செல்விக்குப் பக்கத்துச் சீட்டில் ஆள் உட்கார்ந்த பள்ளம். அதன் விளிம்பில் வெள்ளையாக, பிசுபிசுவென்று, ஐந்து விரல் தடம்.

தாமஸ் சாவியைக் கழற்றி மகனிடம் கொடுத்தார். மறுநாள் எழுதிக் கொடுத்தது இரண்டே வரி: "மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டினேன், தூங்கிவிட்டேன். முனியாண்டி குடித்திருக்கவில்லை." பூஜ்யம் போட்ட சீட்டைக் கருப்பாயியின் கண்முன்னே கிழித்தார்.

பின்சீட்டை மூன்று முறை மாற்றியாயிற்று. பள்ளம் மட்டும் மறுபடி விழுகிறது.

முனியாண்டி அந்த வளைவில் நின்று வண்டிகளை மறிக்கிறார் என்று பாம்பூஃப்ளாட்டில் ஒரு பேச்சு இருக்கிறது. தவறு. வளைவில் யாரும் நிற்பதில்லை. அவர் அந்த ஜீப்பை விட்டு இன்னும் இறங்கவே இல்லை.